எந்த ஊர்க் கோப்பு? தடையியலுக்கு ஓர் அறிமுகம்

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் ஒலிக்கக்கூடிய ஒரு வாக்கியம் உண்டு: "சார், நேத்து வரைக்கும் ஓபன் ஆச்சு." செயற்கை நுண்ணறிவு பற்றி ஆய்வேடுகள் மலையாகக் குவியும் இக்காலத்தில், இந்த எளிய வாக்கியத்துக்கு ஓர் உரை எழுத ஆளில்லை. அக்குறையைப் போக்கவும், தடுக்கப்பட்ட கோப்புகள், திறக்க மறுக்கும் இணைப்புகள் ஆகியவற்றை முறைப்படி ஆராயும் 'தடையியல்' என்ற துறைக்குக் கால்கோள் இடவும் இக்கட்டுரை எழுகிறது.

ஆய்வு எல்லை விண்டோஸ் மட்டுமே. மாக் கணினிகளிலும் 2007 முதல் 'குவாரன்டீன்' என்னும் குறி ஒன்று இறக்கிய கோப்புகளில் ஒட்டப்படுகிறது. ஆனால் மாக் வைத்திருப்பவர்கள் தங்கள் கணினியில் கோளாறு வரக்கூடும் என்பதையே ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே தரவு கிடைக்கவில்லை.

காலம்

புதன்கிழமை என்று மேலே குறித்தது தற்செயலன்று. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பது நம் பாட்டிமார் கொள்கை. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரில் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதம் ஒருமுறை வெளியிடுவது என்று முறைப்படுத்தியபோது, அதற்கு இரண்டாம் செவ்வாயையே தேர்ந்தது. பாட்டிகளைக் கலந்தாலோசிக்கவில்லை. அப்டேட் வெளியாகும் நேரம் மைக்ரோசாஃப்டின் ஊரில் காலை பத்து என்றால் நமக்கு இரவு பத்தரை. அங்கே குளிர்காலமானால் பதினொன்றரை. ஆக, செவ்வாய்தோஷம் நள்ளிரவையொட்டி இறங்கி, மறுநாள் அலுவலகம் திறக்கும்போது பலன் தருகிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொன்னவர் அலுவலகக் கணினி எதற்கும் பொறுப்பாளராக இருந்ததில்லை என்பது இதனால் பெறப்படும்.

களத்தரவு

தடையியலின் முதன்மைச் சான்றுகள் இரண்டே. ஒன்று மேலே கண்டது. மற்றொன்று: "நான் ஒண்ணுமே பண்ணல சார்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை. கணினி பழுதுபார்க்க வரும் தம்பி, நாற்காலியை இழுத்துப் போட்டபடியே, "எதாச்சும் இன்ஸ்டால் பண்ணீங்களாக்கா?" என்று கேட்கும் தொனியிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த அக்கா சொல்வது முழு உண்மை. அவர் ஒன்றும் செய்யவில்லை. நேற்று மாலை பூட்டிவிட்டுப் போன கணினி, இரவோடு இரவாகத் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. கோப்பும் மாறவில்லை, அவரும் மாறவில்லை. இந்தத் துறையில் குற்றமற்றவர்களே முதலில் விசாரிக்கப்படுகிறார்கள் என்பதைப் பதிவு செய்து மேலே செல்வோம்.

பிறப்புக்குறி

இனி ஆய்வின் மையம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு, மின்னஞ்சலில் இணைப்பாக வந்த கோப்பு ஆகியவற்றின் முதுகில் விண்டோஸ் ஒரு சிறு சீட்டை ஒட்டுகிறது. 'மார்க் ஆஃப் தி வெப்' என்பது அதன் பெயர். கோப்பைத் திறந்தால் அது தெரியாது. கோப்பின் அளவிலும் அது கணக்கில் வராது. என்டிஎஃப்எஸ் என்னும் வட்டு அமைப்பில் ஒரு கோப்போடு இன்னொரு தகவல் ஓடையையும் மறைவாகச் சேர்த்துவைக்க இடம் உண்டு. 1993இல் விண்டோஸ் என்டி வெளிவந்தபோது, மெக்கின்டோஷ் கோப்புகளை அவற்றின் இரட்டைப் பகுதிகளோடு பத்திரமாக வைக்க ஏற்பட்ட வசதி அது. 2004 ஆகஸ்டில், எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் அந்த மறைவிடத்தில் இந்தச் சீட்டை வைக்கத் தொடங்கியது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் ஓர் எண். 0 என்றால் இதே கணினி, 1 என்றால் அலுவலக உள்வலை, 2 என்றால் நம்பத்தக்க தளம், 3 என்றால் இணையம், 4 என்றால் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டியது. நம் கோப்புகள் பெரும்பாலும் 3. வத்தக்குழம்பு செய்முறை அடங்கிய வேர்டு கோப்பும் 3. வங்கிக் கணக்கைத் துடைத்துப்போட வந்த நிரலும் 3. கோப்பின் உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பது பற்றி இந்தச் சீட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இந்த முறையைக் கண்டு தமிழ் வாசகர் வியக்க நியாயமில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் பெயரைக் கேட்கும் முன்பே "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று தெருவுக்கு வருவார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஊரை அல்ல என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். விண்டோஸும் இதே வழியில்தான் வளர்ந்திருக்கிறது. முதலில் மண்டல எண்ணோடு நின்றது. பின்வந்த பதிப்புகளில், கோப்பு எந்த முகவரியிலிருந்து இறங்கியது, அதற்கு வழிகாட்டிய பக்கம் எது என்பதையும் சீட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஊரும் தெருவும்.

இந்தக் குறிக்குப் பழைய வடிவம் ஒன்றும் உண்டு. அந்நாளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பக்கத்தைச் சேமித்தால், அதன் மூலத்தில் "இன்ன முகவரியிலிருந்து சேமிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு ஏறும். முகவரிக்கு முன்னே அடைப்புக்குறிக்குள் 0014 போன்ற ஓர் எண் நிற்கும். அது வேறொன்றுமில்லை, பின்னால் வரும் முகவரியில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. எழுத்தெண்ணிப் படித்தவர்கள் நம் ஊரில் மட்டுமே இருந்தார்கள் என்ற பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை மரபுகள்

தடைபட்ட கோப்பைத் திறக்க மூன்று மரபுகள் வழக்கில் உள்ளன.

மறுதொடக்க மரபினர் எதற்கும் "ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார்கள். பாதியில் நிற்கும் அப்டேட்டுக்கு இது மருந்துதான். பிறப்புக்குறிக்கு அன்று. சீட்டு வட்டில் எழுதப்பட்டிருப்பதால், எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் அங்கேயே இருக்கும்.

பென்டிரைவ் மரபு வியப்புக்குரியது. கோப்பைப் பென்டிரைவில் நகலெடு, அங்கிருந்து மறுபடி கணினிக்கு நகலெடு, திறந்துவிடும். ஏன் என்று கேட்டால் அம்மரபின் மூத்தவர்களே "அது அப்படித்தான் சார்" என்பார்கள். காரணம் உண்டு. பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. அவற்றில் மறைவோடைக்கு இடமில்லை. போகும் வழியில் சீட்டு உதிர்ந்துவிடுகிறது. திரும்பி வரும் கோப்புக்கு ஊர் ஞாபகம் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஒரு பாதுகாப்பு ஏற்பாடு முந்நூறு ரூபாய்ப் பென்டிரைவில் கரைவது குறித்து மேலைநாட்டு அறிஞர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவதே சாத்திர சம்மதமானது. கோப்பின்மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் என்ற முதல் தாளின் அடியில் "இந்தக் கோப்பு வேறு கணினியிலிருந்து வந்தது" என்ற பொருள்பட ஒரு வரி, பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற சிறு கட்டம். டிக் அடித்து ஓகே கொடுத்தால் சீட்டு அழிந்துவிடும். இவ்வளவுதான். ஆனால் ஜிப் கோப்பாக இருந்தால் ஒரு நுட்பம்: பிரிப்பதற்கு முன்பே ஜிப்புக்கு டிக் அடிக்க வேண்டும். விண்டோஸின் சொந்தப் பிரிப்பான் தாயின் குறியைப் பிள்ளைகள் எல்லாருக்கும் வைத்துவிடும். பிறகு இருநூறு கோப்புக்கு இருநூறு டிக். அப்படி ஆகிவிட்டால் பவர்ஷெல்லில் 'அன்பிளாக்-ஃபைல்' என்ற கட்டளை மொத்தமாகக் கழுவிவிடும். 7-ஜிப் என்னும் வெளிப் பிரிப்பானோ வெகுகாலம் இந்த வாரிசுரிமையைக் கண்டுகொள்ளவே இல்லை. 2022இல்தான் அதற்கு ஒரு விருப்பத்தேர்வைச் சேர்த்தது, அதையும் தானாக இயக்கவில்லை.

நான்காவது மரபு ஒன்றும் உண்டு, அதை ஆதரிக்க முடியாது. குரூப் பாலிசியில் "ஊர்த் தகவலைச் சேமிக்காதே" என்ற பொருளில் ஒரு விதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எந்தக் கோப்புக்கும் சீட்டே ஒட்டாது. அலுவலகம் முழுதும் நிம்மதியாக இருக்கும், ஒருநாள் வரை. ஒரு கோப்பைத் தெரிந்து விடுவிப்பதும், வருகிற அத்தனையையும் கண்ணை மூடி விடுவிப்பதும் ஒன்றல்ல.

சில நோயாளிகள்

சிஎச்எம் என்னும் உதவிக்கோப்பு 2005 ஜூன் அப்டேட்டுக்குப் பின் விசித்திரமாக நோயுற்றது. அலுவலகச் சர்வரிலிருந்து திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம் அழகாக நிற்கும். வலப்பக்கம் உள்ளடக்கம் இருக்கவேண்டிய இடத்தில் வெறுமையோ பிழைச்செய்தியோ இருக்கும். தலைப்புகள் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத நூல்கள் நமக்குப் புதிதல்ல என்பதால் பலர் இதைப் பழுதென்றே உணரவில்லை. தன் வட்டுக்கு நகலெடுத்து அன்பிளாக் செய்தால் திறக்கும். அதன் பிறகும் திறக்காவிட்டால் கோப்புறையின் பெயரைப் பார்க்கவும்: பாதையில் எங்காவது ஹேஷ் குறி இருந்தால் சிஎச்எம் மௌனமாகிவிடும். சி-ஷார்ப் என்ற நிரல்மொழியின் பெயரிலேயே அந்தக் குறி இருப்பதால், அம்மொழிக்கென ஒழுங்காகக் கோப்புறை வைத்து நூல்களைச் சேர்த்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

எக்செல் மேக்ரோவின் கதை இன்னும் நம் வீட்டுக்கதை. வருமானவரிப் படிவத்துக்கான எக்செல் கோப்புகள், மேக்ரோ என்னும் உட்பொதிந்த சிறு நிரலால் ஓடியவை. மஞ்சள் பட்டை வரும், 'எனேபிள் கன்டென்ட்' என்பதை அழுத்த வேண்டும். ஆடிட்டர் அலுவலக விரல்கள் படிக்காமலே அதை அழுத்தப் பழகியிருந்தன. மஞ்சள் பட்டையின் பலவீனமும் அதுவே. 1999 மார்ச்சில் மெலிசா என்ற மேக்ரோ வைரஸ் உலகத்து மின்னஞ்சல்களைத் திணறடித்த நாளிலிருந்தே இது தெரியும். 2022 பிப்ரவரியில், இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுப்போம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பயனர் கூச்சலில் ஜூலையில் பின்வாங்கி, அதே மாதத்தில் மறுபடி முன்வந்தது. இப்போது சிவப்புப் பட்டை. அதில் 'எனேபிள்' இல்லை. 'மேலும் அறிக' மட்டும் இருக்கிறது. பயனர் எதிலும் அழுத்த விரும்பாத ஒரே பொத்தான் அது.

இருபத்துமூன்று ஆண்டு தாமதம் என்றாலும் முடிவு சரியே. திருடர்களே அதற்குச் சான்றளித்தார்கள்: மேக்ரோவைக் கைவிட்டு ஐஎஸ்ஓ வட்டுப்படிமங்களுக்கு மாறினார்கள். படிமத்தில் ஒட்டிய சீட்டு அதற்குள் இருக்கும் கோப்புகளுக்கு இறங்கவில்லை என்று கண்டுகொண்டார்கள். அந்த ஓட்டை 2022 நவம்பரில் அடைபட்டது. பென்டிரைவ் மரபைத் திருடர்கள் தனியாகவே கண்டுபிடித்திருந்தார்கள் என்று இதைக் கொள்ளலாம்.

இணைப்புகளுக்கு வருவோம். அவுட்லுக்கில் ஒரு லிங்கைத் தட்டினால், "உங்கள் நிறுவனத்தின் கொள்கைகள் இச்செயலைத் தடுக்கின்றன, உதவி மையத்தை அணுகவும்" என்ற பொருளில் ஒரு பெட்டி எழும். பணி ஓய்வு பெற்று, வீட்டு வராந்தாவில் பேரனின் பழைய கணினியில் அஞ்சல் பார்க்கும் தாத்தாவுக்கும் இதே செய்தி. எந்த நிறுவனம்? எந்தக் கொள்கை? அவ்வீட்டின் உதவி மையம் அப்போது கோலிவிளையாடப் போயிருக்கும். உண்மையில் அங்கே கொள்கை எதுவும் இல்லை. ஒரு பிரவுசரை நீக்கியபோதோ மாற்றியபோதோ, எச்டிஎம்எல் கோப்புகளை யார் திறப்பது என்ற பதிவு அறுந்துபோயிருக்கும். செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசரை மறுபடி தேர்ந்தால் கொள்கை மறைந்துவிடும்.

2023 ஜூலை அப்டேட் மெய்யாகவே ஒரு கொள்கையோடு வந்தது. மின்னஞ்சலில் "கோப்பு இங்கே இருக்கிறது" என்று அலுவலகச் சர்வரின் பாதையை லிங்காக அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பாதையில் சர்வர் ஐபி எண்ணாகவோ முழு முகவரியாகவோ இருந்தால், "இந்த இடம் பாதுகாப்பற்றதாக இருக்கலாம்" என்று அவுட்லுக் முறுக்கிக்கொண்டது. சர்வரோ பக்கத்து அறையில் ஏசியில் இருக்கிறது. ஆனால் விண்டோஸின் பழைய விதிப்படி, ஒற்றைச் சொல்லாக நிற்கும் பெயர் உள்ளூர். பெயரில் புள்ளி வந்தால் வெளியூர். புள்ளி பெற்றால் மெய் என்பது நம் இலக்கணம். புள்ளி பெற்றால் ஐயம் என்பது அவர்களுடையது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அந்தச் சர்வரை உள்வலைப் பட்டியலில் சேர்ப்பதே பரிகாரம்: அதாவது, ஊரை மாற்றிப் பதிவு செய்வது.

2025 அக்டோபரில் இந்த விசாரணை முன்னோட்டப் பலகத்துக்கும் நீண்டது. நூறு பில்களைத் திறக்காமலே, பக்கத்துப் பலகத்தில் ஒவ்வொன்றாக நோட்டம் பார்த்துக்கொண்டிருந்த கணக்கர்களுக்கு, இறக்கிய பிடிஎஃப் எதுவும் தெரியவில்லை. "இது கணினிக்குத் தீங்கு செய்யலாம், நம்பினால் திறந்து பாருங்கள்" என்ற வாசகம் மட்டும் வந்தது. சும்மா பார்த்தால் ஆபத்து, திறந்தால் உங்கள் பொறுப்பு என்பது கேட்க விந்தையாக இருக்கும். முன்னோட்டம் காட்டும்போதே கோப்பு வெளிச் சர்வர் ஒன்றைத் தொடர்புகொண்டு, கடவுச்சொல்லின் மறைவடிவத்தை அங்கே கசியவிட வழியிருந்தது என்பதே காரணம். பார்வை பட்டாலே தோஷம் என்ற கோட்பாடு முதன்முறையாக ஆவணபூர்வமாக நிறுவப்பட்டிருக்கிறது.

மேலாய்வுக்குரியவை

2021இல் பிரிண்டர் பாதுகாப்புக்காக அடுத்தடுத்து வந்த அப்டேட்டுகளும், அவ்வாண்டு செப்டம்பரில் பகிர்ந்த பிரிண்டர்களில் பரவலாகத் தோன்றிய 0x0000011b என்ற பிழை எண்ணும் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்கவில்லை. அது தனி ஆய்வேட்டுக்குரிய பொருள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள், முதலில் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.