2004 அடி போர்

எங்கள் நகரில் யார் வீட்டில் எத்தனை அடிக்கு போர் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு மேப் வேண்டும் என நலச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. டீ ஆறுவதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். என்னிடம்தான் போஸ்ட்ஜிஐஎஸ் இருக்கிறதே! 2001-ல் வந்த இலவச மென்பொருள். வீடுகளையும் குளத்தையும் டேட்டாபேஸில் போட்டுவிட்டு, 'குளத்திலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை போர்?' என்று கேட்டால் டக்கென்று பதில் சொல்லும். என் வீட்டில் நான் கேட்டுப் பதில் சொல்கிற ஒரே ஜீவன் அதுதான்.

பதிலை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. செயலாளரின் மகன் சிவில் படிக்கிறான். "ஷேப்ஃபைலா குடுங்க அங்கிள், க்யூஜிஐஎஸ்ல திறந்துக்கறேன்" என்றான். கறுப்புத் திரையில் ஒரே வரி போதும். பிஜிஎஸ்க்யூஎல்-டு-எஸ்ஹெச்பி என்று தட்டி, கோப்பின் பெயர், பயனர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ், கடைசியில் மேற்கோள் குறிக்குள் கேள்வி. இதில் பெரிய 'பி' என்றால் பாஸ்வேர்டு, சின்ன 'பி' என்றால் போர்ட் எண். நான் சின்னதைப் போட்டேன். என் பாஸ்வேர்டு கல்யாணத் தேதி. இந்த எண் செல்லாது என்று கம்ப்யூட்டர் கறாராகச் சொன்னது. காபியோடு பின்னால் நின்ற மனைவி, "எதுங்க செல்லாதாம்?" என்றாள்.

ஒருவழியாகக் கோப்பு வந்தது. கோப்பா அது, கூட்டுக்குடும்பம். எஸ்ஹெச்பி-யில் புள்ளிகள், எஸ்ஹெச்எக்ஸ்-ல் அவற்றின் அட்டவணை, டிபிஎஃப்-ல் விவரங்கள், பிஆர்ஜே-யில் எந்த ஆயமுறை என்ற குறிப்பு. முதல் ஆளை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அங்கிள், மத்தவங்க எங்க?" என்றான் பையன். ஓஜிஆர்-டு-ஓஜிஆர் கட்டளையில் ஜியோபேக்கேஜாக எடுத்திருந்தால் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். 2014-லிருந்தே அது இருக்கிறது. ஆனால் கேட்ட பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க மனம் வருமா?

மேப் திறந்த பிறகுதான் வேடிக்கை. டிபிஎஃப் என்பது 1980-களின் டிபேஸ் காலத்துச் சொத்து. பத்தியின் பெயர் பத்தெழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். நான் 'போர்வெல்_டக்' என்று தோண்டிய வருஷத்துக்கும், 'போர்வெல்_டெப்த்' என்று ஆழத்துக்கும் பெயர் வைத்திருந்தேன். இங்கிலீஷில் எண்ணிப் பாருங்கள், பத்தாவது எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலாவது 'போர்வெல்_டி' ஆனது. இரண்டாவதன் வாலை நறுக்கி ஒரு நம்பரை ஒட்டிவைத்தது. எச்சரிக்கையும் செய்ததாம். எச்சரிக்கையை எல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?

டி என்றால் டெப்த் என்று செயலாளர் முடிவு கட்டிவிட்டார். எதிர்வீட்டு மாமா 2004 அடி தோண்டி ஊர்த் தண்ணீரையெல்லாம் உறிஞ்சுகிறார் என்று குரூப்பில் செய்தி பறந்தது. மாமா பழைய பில்லைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி என் கேட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே செயலாளர், கையில் பட்டியலோடு. சென்னையே குடத்தோடு அலைந்த 2019-ல்தான் நாங்கள் போர் போட்டோம். ஆகவே பட்டியலில் முதலிடம் எனக்கு.

"2019 அடி போட்டும் உங்களுக்கு லாரித் தண்ணிதானா சார்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.