குவைத் அக்கா

சப்ரகமுவத் தோட்டங்களில் ஒருகாலத்தில் வெளிநாட்டு உத்தியோகம் முடிந்து சாமான் கட்டுகிற ஆள் என்றால் துரைதான். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்ததும் மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் மூட்டை கட்டினார்கள். இப்போது அந்த அந்தஸ்து பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. இறக்குவானையோ எட்டியாந்தோட்டையோ, எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் ஒரு குவைத் அக்கா இருப்பார். சவூதிக்குப் போனவரும் குவைத் அக்காதான், லெபனானுக்குப் போனவரும் குவைத் அக்காதான். லயத்துப் பூகோளம் அவ்வளவுதான்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் பல மாதம் இருக்கும்போதே அக்கா பெட்டி போடத் தொடங்கிவிடுவார். கப்பல் கார்கோவில் நிறையைவிட இடத்துக்குத்தான் காசு என்று தெரிந்த நாளிலிருந்து பெட்டிக்குள் காற்று இருப்பதே அவருக்குப் பிடிக்காது. குக்கருக்குள் நிடோ டின், டின்னைச் சுற்றி லக்ஸ் சவர்க்காரம், சந்துகளில் கோடாலித் தைலம், பிளாஸ்கின் வயிற்றில் பிள்ளைகளின் சொக்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே புலி படம் போட்ட தடித்த கம்பளி. கேகாலைப் பக்கத்து ரப்பர் காட்டுப் புழுக்கத்தில் கம்பளி யாருக்கு என்று கேட்கக்கூடாது. மூடி மூடாவிட்டால் அக்காவே ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அக்கா பிளேனில் வந்துவிடுவார், பெட்டி கடலில் வரும். இந்த இடைவெளிதான் அவர் வாழ்க்கையின் பொற்காலம்.

“அக்கா, எனக்கு என்னா கொண்டாந்தீங்க?”

“பெட்டியில இருக்கு புள்ள.”

கணக்கப்பிள்ளை வீட்டம்மா, கோயில் தலைவர், கடன் கொடுத்த கடைக்காரர் எல்லாருக்கும் இதே பதில்தான். வாக்குக் கொடுக்க இடக்கூலி கிடையாதே!

கடைசியில் ஒருநாள் பாஸ்போர்ட்டும் கையுமாகக் கொழும்புக்குப் போவார். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து குடைவார்கள். குடைந்ததை அக்கா அடுக்கியபடி திரும்ப அடுக்க எந்த அதிகாரியாலும் ஆகாது. அதனால் பெட்டியாகப் போனது ஒரு பெட்டியும் மூன்று உரபேக்குமாக வெளியே வரும்.

லயத்துக்கு வந்தால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பெட்டி நுழையாது. இஸ்தோப்பில்தான் திறப்பு விழா. குழந்தைகள் முன்வரிசை, பெரியவர்கள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள். பங்கீட்டில் சண்டை வந்தால்தான் விழா சிறப்பாக நடந்ததாக அர்த்தம்.

மின்சாரச் சாமான்களின் கதை வேறு. சவூதியில் நெடுங்காலமாகப் பல வீடுகளில் 127 வோல்ட்தான் இருந்தது. இங்கே 230. அங்கிருந்து வந்த பழைய மிக்சி முதல் நாளே புகை கக்கிவிட்டு ஓய்வெடுக்கும். “மிக்சி நல்ல மிக்சிதான், தோட்டத்துக் கரண்டுதான் சரியில்ல” என்பார் அக்கா. குவைத் பிளெண்டருக்கு வோல்ட் ஒத்துவரும், ஆனால் பிளக்கில் மூன்று சப்பை முள், பழைய லயத்துச் சுவரில் வட்டத் துளை. எனவே மிக்சியும் பிளெண்டரும் ஷோகேசில் பிளாஸ்டிக் பூவோடு குடியிருக்கும். சம்பல் அம்மியில்தான்.

சில மாதத்தில் பால்மா தீரும், கம்பளி அடகுக்குப் போகும், பெட்டியில் அரிசி இருக்கும். அக்கா பாஸ்போர்ட்டைத் தேடத் தொடங்குவார்.

அதற்குமுன் நீங்கள் அந்தப் பக்கம் போனால் உங்களுக்கும் ஒரு லக்ஸ் கட்டி நிச்சயம். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இதே சவர்க்காரம் இரத்தினபுரி டவுன் கடையிலும் கிடைக்கிறதே என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.