சேமிச்ச வேலைக்குச் சம்பளம் எப்ப வரும்?

கேள்விப்பட்டேன்டா பேராண்டி. போனுக்குள்ள எக்கச்சக்கமா வேலை சேத்து வெச்சிருக்கியாம். ஒங்கம்மா கொழுந்துக் கூடையை எறக்கக்கூட இல்ல, பெருமையா வந்து சொல்லிட்டுப் போறா. அதுல எந்த வேலையிலேருந்து சம்பளம் வருதுன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதிலக் காணோம்.

சரி, போனைக் கொடு. தாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாதுன்னு சிரிக்காத. குறியப் பாத்துப் பொழைக்கிறதுல நம்ம பரம்பரைக்கு நூறு வருசத்துக்கு மேல பழக்கம். இந்தியாவுலேருந்து தோட்டத்துக்கு ஆள் ஏத்துனப்ப கழுத்துல ஒரு தகர வில்லைய மாட்டி அனுப்புனாங்க. தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். பேரு, ஊரு, தாய் தகப்பன் ஒண்ணும் அதுல கெடையாது. அந்த இலக்கத்தப் பாத்தே வழியெல்லாம் ஏத்தி எறக்கி, செலவைத் தோட்டத்துக் கணக்குல எழுதுனாங்க. தகரச் சீட்டுன்னு பேரு.

துண்டுன்னும் ஒண்ணு இருந்துச்சு. இன்ன தொகை கடனைக் கட்டுனா இந்த ஆளுகள விட்டுடுறேன்னு ஒரு தொரை எழுதிக் குடுக்குற காயிதம். கங்காணி அதை மடியில கட்டிக்கிட்டு அடுத்த தோட்டம் தேடி அலைவான். சொமந்தது நம்மாளு, வாசிச்சது இன்னொரு தொரை. 1921ல சட்டம் போட்டுத்தான் அதை ஒழிச்சாங்க. அதனால எந்தக் குறியப் பாத்தாலும் நான் கேக்குறது ஒண்ணுதான்: இதை யாருடா பாக்குறான்?

இந்தா, இந்த நாடாப் படம். புத்தகத்துக்கு நடுவுல வெப்பாங்களே, அது. அமுக்குனா கறுத்துப்போகுது. இன்னொரு ஆப்புல நட்சத்திரம், வேறொண்ணுல இதயம். மூணும் ஒரே சேதிதான், நீ ஒனக்கே சொல்லிக்கிறது. கொழும்புக் கம்பெனிக்காரனுக்கு, ரத்தோட்டைக்கு மேல ஒரு பய தன்னோட வேலை மேல இதயம் போட்டு வெச்சிருக்கான்னு எப்படித் தெரியும்? ஒருதலைக் காதல்டா இது. பொண்ணுக்கே தெரியாம நீ பந்தக்கால் நட்டுட்ட.

காயித ஏரோப்பிளேன் படம் இருக்கே, அதை அமுக்கிட்டு அப்ளிகேசன் போயிருச்சுன்னு முத்துமாரியம்மனுக்குத் தேங்கா ஒடச்சியாமே? நல்ல காரியம், அம்மன் கோவிச்சுக்கமாட்டா. ஆனா அது விளம்பரத்தத் தெரிஞ்சவனுக்கு அனுப்புற குறி. ஒஞ் சித்தப்பன் போனுக்குத்தான் போயிருக்கு. அவன் அந்த வேலைக்கு மனுப் போடாம இருந்தாச் சரி.

பெட்டிக்குள்ளேருந்து அம்பு வெளிய பாயுதே, அது கம்பெனியோட சொந்தத் தளத்துக்கு இழுத்துட்டுப் போகும். அங்க போயி முழுசா நிரப்பணும். நீ பாதியில திரும்பி வந்துட்ட. வந்த ஒடனே, விண்ணப்பிச்சாச்சான்னு ஆப்பு கேக்குது, நீயும் ஆமான்னு அமுக்கிட்ட. ஒன் வாய்ச்சொல்ல நம்பி ‘விண்ணப்பித்தவை’யில போட்டு வெச்சிருக்கு, பாவம். அது கணக்கப்பிள்ளையா, வந்து எண்ணிப் பாக்குறதுக்கு?

இந்தப் பச்சை வட்டம் என்னா, ஒம் மொகத்தச் சுத்தி? லிங்க்ட்இன்ல ‘வேலை தேடுறேன்’னு சொல்றதா? அதுல ரெண்டு வகை உண்டு. ஆள் எடுக்குறவங்களுக்கு மட்டும்னும் வெக்கலாம், எல்லாருக்கும்னும் வெக்கலாம். வட்டம் வந்துச்சுன்னா ஊருக்கே தெரியும், இப்ப ஒனக்குச் சம்பளம் குடுக்குற கடை மொதலாளியும் பாப்பான். பாட்டனுக்குத் தகரத்த அடுத்தவன் மாட்டுனான். பேரன் தானே மாட்டிக்கிட்டான், அதுவும் சிரிச்ச மொகத்தோட.

ஊசி குத்துன மாதிரி படம், எடத்துக்கு. மாத்தளைன்னு தேடுனா தம்புள்ளை, சீகிரியா ஓட்டலெல்லாம் வருது. வரத்தான் செய்யும், அதுவும் நம்ம மாவட்டந்தானே. ஆனா ரிவர்ஸ்டன் வளைவெல்லாம் மூடுபனியில எறங்கி, ரத்தோட்டை தாண்டி, மாத்தளையில பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு அங்க நிப்பியா? தங்க எடம் குடுப்பானான்னு விளம்பரத்துல தேடு.

எழுத்துச் சுருக்கத்துக்கு வருவோம். ஓஎல், ஏஎல் ஒனக்கே தெரியும், ரெண்டையும் எழுதுனவன். என்விகியூ 4ன்னா தொழிலைக் கத்துத் தேறுனவன்னு அரசாங்கம் குடுக்குற தரம். 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ‘60கே’ன்னா அறுபதாயிரம். அதுக்குப் பக்கத்துல ‘வரை’ன்னு குட்டியா எழுதியிருக்கான் பாரு, அந்தக் குட்டியத்தான் கண்ணாடி போட்டு வாசிக்கணும். கமிசனையும் கூட்டித்தான் அந்த அறுபது வருதோ என்னவோ, கேட்டுக்க.

இபிஎஃப், இடிஎஃப். இதைத் தோட்டத்துல பேர் போட்ட கெழவி கூடச் சொல்லுவா. சேமலாப நிதிக்கு ஒஞ் சம்பளத்துலேருந்து 8 வீதம், மொதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு மொதலாளி மட்டும் 3. சேமலாபச் சட்டம் 1958லேருந்து இருக்கு. பழம், தேத்தண்ணி, பொறந்தநாள் கேக்கு எல்லாத்துக்கும் படம் போட்டவன் இந்த ரெண்டுக்கு மட்டும் எழுத்துக்கூடப் போடலேன்னா, போன் பண்ணிக் கேளு. வெக்கப்படாத, அது ஒங் காசு.

துபாய்க் கட்டடத்துப் படம் போட்டதையும் சேமிச்சிருக்கியே! வெளிநாட்டு வேலைன்னா, வேலைவாய்ப்புப் பணியகத்தோட உரிம இலக்கம் அதுல இருக்கான்னு பாரு. 1985லேருந்து அந்தப் பணியகம் இருக்கு. சந்தேகம்னா 1989ங்கிற நம்பருக்குப் பேசு. உரிமம் இல்லாதவனுக்குப் பாஸ்போட்டைக் குடுத்தியோ, நான் துண்டு காலத்துக் கதைய மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பேன்.

கடைசித் தேதிதான் இந்த நாடாவுக்கு வேண்டாத சங்கதி. வெள்ளிக்கெழமை வர்ற வர்த்தமானியில ஒரு படமும் இருக்காது, ஆனா எந்தத் தேதிக்குள்ள போடணும்னு அச்சடிச்சிருப்பான். இங்க நீ ஆசையா நாடா கட்டுன பாதி வேலை, விண்ணப்பம் ஏத்துக்குறதில்லன்னு எப்பவோ அடங்கிப் போச்சு.

இந்தக் குப்பைத்தொட்டிப் படத்த அமுக்கி அடங்குனத எல்லாம் தூக்கு. துபாயையும் தூக்கு. ம், இப்ப எத்தனை மிச்சம்? நாலா? பரவால்ல, நான் ரெண்டுன்னு நெனச்சேன். இதுல நாளைக்கு முடியுறது எது? அதைத் தொற. ஒந் தங்கச்சியக் கூப்புடு, அவளுக்குத்தான் எழுத்துப்பிழை இல்லாம எழுத வரும்.