வாக்கியத்தில் அமைத்து எழுதுக

கால்வே, அயர்லாந்து
9 மார்ச் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நான் கிராண்ட். அங்கு நீங்களும் சித்தியும் கிராண்டா?

சிவப்பு மைப் பேனாவைத் தேட வேண்டாம். வருஷக்கணக்காக ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் எடுத்தவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் போனில் நான் நாலு தடவை ‘கிராண்ட்’ சொன்னேன் என்று எண்ணி வைத்திருந்து, “என்னம்மா, அங்கே தினம் ஒரு கல்யாணமா நடக்குது?” என்று கேட்டீர்கள். வகுப்பில் ‘வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்று ஐந்து மார்க்குக்குக் கேட்பீர்களே, அதற்கு விடை எழுதுவதாக நினைத்துப் படியுங்கள்.

நம் ஊரில் கிராண்ட் என்றால் குழப்பமே இல்லை. வாசலில் வாழைமரம், சீரியல் பல்பு, மூன்று பந்தி, இலையில் இரண்டு இனிப்பு இருந்தால் கல்யாணம் கிராண்ட். முந்தானையில் ஒரு முழம் ஜரிகை இருந்தால் புடவை கிராண்ட். லத்தீனில் ‘கிராண்டிஸ்’ என்றால் பெரியது. பட்டுக்கோட்டைக்காரர்கள் லத்தீனுக்குத் துரோகம் செய்யவில்லை. இந்த நாட்டிலும் டப்ளினிலிருந்து புறப்பட்டு 1804இல் ஷானன் நதியைத் தொட்ட கிராண்ட் கால்வாய் அந்தப் பழைய பொருளோடுதான் ஓடுகிறது. ஆனால் கால்வாய்க்கு வெளியே, வாயில், அந்தச் சொல்லில் இருந்த காற்றையெல்லாம் இவர்கள் பிடுங்கிவிட்டார்கள்.

வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் அடுப்பில் வெந்த ஆட்டுக்கறி, வெண்ணெயில் மிதக்கும் உருளைக்கிழங்கு, பிறகு ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் மாதிரி ஒன்று. மனசார வாழ்த்த வேண்டும் என்று, “சாப்பாடு கிராண்ட்!” என்றேன். பாட்டியின் முகம், உப்பு குறைவு என்று மாமியார் சொல்லக் கேட்ட புதுமருமகள் முகம் மாதிரி ஆகிவிட்டது. இங்கே அதற்கு அர்த்தம், ‘குறை சொல்ல ஒன்றுமில்லை, விழுங்க முடிந்தது’ என்பதுதானாம்.

சரி, இதில் ஒரு விதி இருக்கும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்து யோசித்தேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பழைய பொருள், பின்னால் வந்தால் புதுப் பொருள். ‘எ கிராண்ட் ஹவுஸ்’ என்றால் மாளிகை. ‘தி ஹவுஸ் இஸ் கிராண்ட்’ என்றால் ஒழுகவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது.

அந்த விதியை மழை வந்து கரைத்தது. இங்கே மழைக்கு நம் ஊர்போல வேளை கிடையாது. நாள் முழுக்கச் சல்லடையில் சலித்த மாதிரி பொசுபொசுவென்று விழும். அப்படி ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “கிராண்ட் சாஃப்ட் டே, தாங்க் காட்” என்றார். முன்னால்தான் வந்திருக்கிறது, மாளிகை எங்கே? டிசம்பரில் நாலரைக்குள் சூரியன் போய்விடும். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நடுவில் பிப்ரவரி பிறந்து பொழுது பத்து நிமிஷம் நீண்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் “கிராண்ட் ஸ்ட்ரெச் இன் தி ஈவ்னிங்ஸ்” என்று சொல்லிவைத்த மாதிரி ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஊரில் “என்ன வெயில், என்ன வெயில்” என்று சொல்லிக்கொள்வது போல.

பணம் சம்பந்தப்பட்டால் இன்னும் ஆபத்து. ‘எ கிராண்ட்’ என்றால் கொச்சையில் ஆயிரம். என் பழைய காரில் பிரேக் கிரீச்சிட்டது, ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஏதோ ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். “எவ்வளவு?” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, “ஆ, யூ ஆர் கிராண்ட்” என்றார். என் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். ஆயிரம் யூரோ! நம் காசுக்கு லட்சத்தை நெருங்குமே! ஒரு கல்லுக்கா? தவணையில் கட்டலாமா என்று நான் தடுமாறிக் கேட்க, அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காசே வேண்டாம், போய் வாருங்கள் என்பதற்குத்தான் அந்தச் சொல்லாம்.

இதெல்லாம் சிரிப்பு. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் அப்படி இல்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்த வயதான விவசாயி ஒருவர் இருந்தார். பூஜ்யம் முதல் பத்து வரை வலி எவ்வளவு என்று சார்ட்டில் குறிக்க வேண்டும். கேட்டேன். “ஐயாம் கிராண்ட்.” பூஜ்யம் என்று எழுதப் போனேன். பின்னாலிருந்து சீனியர் நர்ஸ், “வாயைக் கேட்காதே, கையைப் பார்” என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல் முட்டிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. “கொஞ்சம் திரும்பிப் படுக்கிறீர்களா?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாமே” என்றார். எட்டு என்று எழுதினேன். அன்றிலிருந்து யாராவது கிராண்ட் என்றால் எனக்குக் கண் முதலில் கைக்குத்தான் போகும்.

இவ்வளவு கற்றும் அந்தச் சொல்லுக்குத் தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஜனவரி 24ஆம் தேதி. ஏயோவின் என்று ஒரு புயல். இந்த மாவட்டத்தின் கடலோரம் மேஸ் ஹெட்டில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலான காற்று. 1945 முதல் இருந்த சாதனையை முறியடித்தது. விடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்துக் கொட்டகையின் கூரை மூன்று வீடு தள்ளிக் கிடந்தது. கரண்ட் இல்லை. பாட்டி கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். “எப்படி இருக்கீங்க?” என்றேன். “ஆ, ஐயாம் கிராண்ட்.”

அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் சித்தப்பா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், மூன்றாவது தடவை போட்டு லைன் கிடைத்தபோது உங்கள் தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. “எப்படி இருக்கீங்க சித்தப்பா?” என்றதற்கு நீங்கள் சொன்னது: “பரவாயில்லைம்மா.”

போட்டுப் பாருங்கள், பொருந்துகிறதா என்று. சாப்பாடு பரவாயில்லை. காசா, பரவாயில்லை விடுங்க. இன்னொரு டீ? பரவாயில்லை, வேண்டாம். மழையா, பரவாயில்லை. உருதுக்காரர்களின் ‘பர்வா’, அதாவது கவலை. அதோடு நம் ‘இல்லை’யை ஒட்டவைத்துக்கொண்டோம். இவர்கள் ஒரு பெரிய சொல்லைச் சின்னதாக்கி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். விடைத்தாள் இத்துடன் முடிந்தது. மார்க்கைச் சித்தியிடம் சொல்லி அனுப்புங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. போன வாரம் முட்டி வலியைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் “பரவாயில்லைம்மா” என்றீர்கள். சித்தி பின்னாலிருந்து, “மனுஷன் மாடி ஏறி ஒரு மாசம் ஆச்சு” என்று சொன்னதும் கேட்டது. இங்கிருந்து உங்கள் கையைப் பார்க்க எனக்கு வழியில்லை. அதனால் இந்தத் தடவை கேள்வி என்னுடையது: பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள். பரவாயில்லை என்பது எண் அல்ல.

அன்புடன்,
உங்கள் மகள்