புதையுண்ட ஆங்கிலச் சொற்கள்

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைத் தேடி அலைகிறீராமே! செத்தவனுக்கு எதற்கு ஐயா ஜாதகம்?

மூச்சு நின்றதென்று யார் சொன்னது? 1623-ஆம் ஆண்டில் ஹென்றி காக்கரம் பிரசுரித்த சிறு ஆங்கில அகராதியில், குளிர்காலச் சூரியனின் இளஞ்சூட்டைக் குறிக்கும் 'அப்ரிசிட்டி' என்னும் லத்தீன் வழிவந்த சொல் இடம்பெற்று, ஏறக்குறையப் பிரயோகமே இன்றி நூற்றாண்டுகளாய் உறங்கிக் கிடந்தது. பனிமூட்டம் விலகிய ஜனவரிக் காலையில், மதிலோரமாக நின்று முதுகைக் காய்ச்சிக்கொள்ளும் ஆங்கிலேயன் அநுபவிக்கும் அந்தச் சுகத்துக்கு, அவன் பாஷையில் இதனினும் பொருத்தமான நாமம் வேறு உண்டா? பெயரின்றிக் கிடந்த ஓர் இன்பம் பெயர் பெறும் அந்த க்ஷணத்தின் ஆனந்தத்துக்காகவே எத்தனை அகராதிகளையும் புரட்டலாம்.

பேரகராதியில் எல்லாம் பத்திரமாக இருக்குமே?

பத்திரமாக வைத்த பொருள்தானே முதலில் தொலைகிறது! ஜேம்ஸ் மர்ரேயின் ஆக்ஸ்போர்டு அகராதிக்காகத் தொண்டர்கள் சிரத்தையுடன் எழுதியனுப்பிய லட்சக்கணக்கான துண்டுச் சீட்டுகளிடையே, அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்குரியவை எங்கோ நழுவிவிட, அப்பகுதி அச்சேறிய பின்னரே குறை தெரியவந்து, 1933-ஆம் ஆண்டு அநுபந்தத்தில்தான் அச்சொல்லுக்கு ஆசனம் கிடைத்தது.

மீட்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று?

'ஓவர்மாரோ'. நாளை மறுநாளைச் சொல்ல இன்றைய ஆங்கிலேயர் நான்கு சொற்களைச் செலவிடுகிறார்கள். 1535-இல் மைல்ஸ் கவர்டேல் தம் பைபிளில் ஒரே சொல்லால் சொல்லி முடித்தார். நாளை மறுநாளேனும் அதை மீட்கட்டும்!