அரக்கு காத்த ஆசாமி

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். கலெக்டர் பிளேஸ் துரைக்கு அவர் கரைமேல் காட்சி கொடுத்த கதை ஊரறிந்தது. அதே ஊரில் யாரும் அறியாமல் அரக்கைக் காத்துக்கொண்டிருக்கும் ஆசாமி ஒருவர் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையோரத்து எந்தச் சிற்றூரில் தேடினாலும் இந்த ரகத்தில் ஒருவர் தேறுவார். ஓய்வூதியம், மாடியில் ஒற்றை அறை, அறைச் சாவி இடுப்பில். உள்ளே அரக்கால் ஆன 78 சுற்று இசைத்தட்டுகள், அதிலும் நாடகப் பாட்டுத் தட்டுகள் மட்டும். சினிமாப் பாட்டென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சரி, நாடகம்தானே, எஸ்.ஜி. கிட்டப்பா இருக்குமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தோம். "கிட்டப்பாவா? அது எல்லார்கிட்டயும் இருக்குதே" என்பார், ஏதோ கொசுவைப் பற்றிக் கேட்டதுபோல. கிட்டப்பா கொடிகட்டிப் பறந்த காலத்தில் அடுத்த ஊர்க் கொட்டகையில் அதே வேலன் வேஷத்தில் நின்று, ஒரே ஒரு தட்டு கொடுத்துவிட்டுக் காணாமல் போனாரே, அந்தப் புண்ணியவான்தான் இவருக்கு வேண்டும். லேபிளில் பெயர் பாதி அழிந்திருந்தால் இன்னும் விசேஷம்.

இவருக்கு இருப்பது இசை ரசனை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். குரல் நன்றாக இருக்கிறதா என்பது இவரிடம் கடைசிக் கேள்வி. இன்னொருவரிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இது சிரிக்கத்தக்க குணம், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் நாடக மேடையின் சங்கதி தெரிந்தவர்கள் இந்தக் குணத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். படத்தில் நடிக்கவே இல்லை. அவர் குரல் நமக்கு மிஞ்சியதெல்லாம் தட்டில்தான். அது மிஞ்சியதற்குக் காரணம், வீடு வீடாக அந்தத் தட்டுகள் விற்றதுதான். நூறு உடைந்தாலும் பத்து நிற்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் ஊர் ஊராக, விடிய விடிய நடத்தியதோ பெரும்பாலும் கிட்டப்பாக்கள் அல்லர். ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் வேறெங்கிருந்தோ ரயிலேறியும் வந்து அன்றிரவுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த நடுத்தரக் குரல்கள் சில நூறு தட்டுகளாக வந்து, மைக் செட் கடைப் பரணில் தூங்கி, காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றுக்கு ஆள் வேண்டாமா? நல்ல ரசிகர் அந்தக் குப்பைக்குள் கைவிட மாட்டார். பொறாமைக்காரர்தான் விடுவார்.

கம்பெனிகள் முழு நாடகத்தையும் ஐந்தாறு தட்டுகளில் அடக்கி, 'டிராமா செட்' என்று பெட்டி போட்டு விற்ற காலம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம். விடிய விடிய நடக்கும் கதையை முக்கால் மணிக்குள் திணிக்க வேண்டும். அதனால் வள்ளி திருமணத்தில் வேடனும் வேலனும் கிழவனும் ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்துக்கொண்டு வருவார்கள். நம்மவரிடம் இருக்கும் செட்டில் மூன்றாவது தட்டு இல்லை. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக்கொண்டிருக்கும்போதே யானை வந்துவிடும். நடுவில் என்ன தர்க்கம் நடந்தது என்பதை அரையணாப் பாட்டுப் புத்தகம் பார்த்து ஊகித்து வைத்திருக்கிறார். அந்த ஒரு தட்டுக்காகத் திண்டிவனம் முதல் தாம்பரம் வரை பழைய சாமான் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பாக்கித் தட்டுகளை அவர் போட்டுக் கேட்பது அபூர்வம், இல்லாத தட்டைப் பற்றிப் பேசுவது தினசரி.

அப்படியே போட்டாலும் அது ஒரு பூஜை. தட்டை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்து, லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவிலுள்ள வழுவழுப்பில் பொறித்த எண்ணை முதலில் படிப்பார். ஈரத்துணிதான், ஸ்பிரிட் கூடாது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. பிறகு வேகம். 78 என்று பெயர்தானே தவிர, பழைய பதிவுகள் எல்லாம் அந்த வேகத்தில் ஆனவையல்ல. நிமிடத்துக்கு ஐந்து சுற்று கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பாடியவர் ஐந்து கட்டையா ஐந்தரையா என்று, இவரைப்போல செய்யாறில் இருக்கும் இன்னொருவரோடு இவருக்கு வருஷக்கணக்கில் வழக்கு. பாடியவர் ஊரும் தெரியாது, பேரும் பாதிதான் தெரியும், கட்டையில் மட்டும் சமரசம் கிடையாது. சிரிப்பு வருகிறது, ஆனாலும் தப்பான வேகத்தில் ஓட்டினால் ஆண்பிள்ளை குரல் பெண்பிள்ளை குரலாகிவிடும் என்பதும், பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே பெண் வேஷம் கட்டிய காலத்துக்கு அது சின்ன விஷயமில்லை என்பதும் இந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைப்பது யாரோ ஒருவர் பரணிலிருந்து இறக்கியது மட்டுமே, இறக்காதது கிடைக்காது. அப்படியும் ஏறியிருப்பதில் பெரும்பகுதி பெரிய பெயர்கள். நியூயார்க்கிலும் இதே கதைதான். 'ஓக்லஹோமா' இசைநாடகத்தை 1943இல் மேடைக் குழுவையே வைத்து டெக்கா கம்பெனி ஆல்பமாக்கி விற்றுத் தீர்த்தது. அங்கே உள்ள நம்மவர் ரகம் அதைத் தொடாது, ஒரே வாரத்தில் மூடப்பட்ட நாடகத்தைத்தான் தேடும்.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. செங்கல்பட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து இன்றைக்கும் நடக்கிறது. உயிரோடு ஆடுகிறவர்களை விட்டுவிட்டு இந்த மனிதர் செத்த குரலுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருக்கிறாரே? உண்மைதான். பக்கத்துத் தெருவில் முகவீணை கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறவர் அவர். ஆர்மோனிய நாடகம் வேறு, கூத்து வேறு என்று ஒரு பிரசங்கமும் செய்வார். வேறுதான். அதற்காக ஜன்னலைச் சாத்த வேண்டியதில்லை. இந்த இடத்தில் அவருக்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் பூட்டி வைத்தவர்களால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் புத்தகமும் நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். மும்பையில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் 1990இல் சங்கமே வைத்தார்கள். 'யங் இந்தியா' கம்பெனித் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினிக்கு ஏறின. இதையெல்லாம் சொன்னால் மதுராந்தகத்தார் கவனமாகக் கேட்பார். "தட்டு மேல என் பேரு போடுவாங்களா?" என்பார். போடுவார்கள் என்றால், "மூணாவது தட்டு கெடைக்கட்டும், மொத்தமாக் குடுத்துடலாம்" என்பார். மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் மகன் மட்டும், "இதெல்லாம் எவ்வளவுப்பா போகும்?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறான். விலை கேட்டதில் அப்பாவுக்கு வருத்தம். பழைய சாமான் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டபோது வருத்தம் இன்னும் அதிகம்.