துருவப் பிரதேசம் அனுமந்தையிலிருந்து ஒரு விளக்கக் கடிதம்

அனுப்புநர்: இரவு மேற்பார்வையாளர், இறால் ஹேச்சரி, அனுமந்தை, மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம் (தங்கள் பதிவேட்டின்படி: தென் துருவம்).

பெறுநர்: மேன்மை தங்கிய தொலைக் கண்காணிப்பு மையம், ஏ.சி. தளம், சென்னை.

பொருள்: இறால் குஞ்சுத் தொட்டியை 85 டிகிரிக்குச் சூடேற்றி, உடனே மைனஸ் 127 டிகிரிக்கு உறைய வைத்தமைக்கு விளக்கம் அளித்தல் – சார்பு.

பார்வை: தாங்கள் அனுப்பிய குறிப்பாணை, ஆய்வுக் கூட்டத்தில் தாங்கள் பெரிய திரையில் போட்டுக் காட்டிய வரைபடம்.

ஐயா,

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரை உள்ள ஹேச்சரிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, "என்னப்பா, ராத்திரி இறால் சூப் வெச்சியா?" என்று தாங்கள் கேட்டதும், சபையே சிரித்ததும், என் முதலாளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் எனக்குக் கிடைத்த பெரும் பேறு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குறிப்பாணையும் வந்துவிட்டது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் இவ்வளவு வேகமாகப் புறப்பட்டதை இந்தக் கடற்கரை இதுவரை கண்டதில்லை.

முதலில் நல்ல செய்தி. உலகத்திலேயே குளிரான இடம் எங்கள் மூன்றாம் நம்பர் தொட்டி என்பதைத் தாங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அண்டார்டிகாவில் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவான மைனஸ் 89.2 டிகிரிதான் பூமியின் தரைமட்டத்தில் அளந்த மிகக் குறைந்த வெப்பநிலை. அனுமந்தை அதை ஏறக்குறைய 38 டிகிரி வித்தியாசத்தில் தோற்கடித்திருக்கிறது. இந்தியா இனி மைத்ரி ஆய்வு நிலையத்துக்காக அவ்வளவு தூரம் கப்பல் விட வேண்டாம். ஈ.சி.ஆரில் வந்தால் போதும். செலவு டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும்தான். பென்குவின்களுக்கு நெத்திலி நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இந்தச் சாதனைக்கு ஒரே ஒரு சிறு தடங்கல். தாங்கள் எங்கள் தொட்டிகளில் தொங்கவிட்டிருக்கும் டிஎஸ்18பி20 சென்சாருக்கு மைனஸ் 55 டிகிரிக்குக் கீழே அளக்கத் தெரியாது. மேலே 125 வரை, கீழே மைனஸ் 55 வரை. அதன் பிறவி எல்லை அவ்வளவுதான். அப்படியானால் மைனஸ் 127 எங்கிருந்து வந்தது? சென்சாரைக் கூப்பிட்டும் பதில் வராதபோது, எண்களைத் தங்களுக்கு அனுப்பும் பெட்டிக்குள் இருக்கும் நிரல் தானாகப் போட்டுக்கொள்ளும் எண் அது. வகுப்புக்கு வராத பையனுக்கு வாத்தியார் 'ஆப்சென்ட்' போடுவதில்லையா, அதே கணக்கு. தாங்கள் அந்த ஆப்சென்ட்டை மதிப்பெண்ணாக எடுத்துக் கூட்டி, வகுத்து, சராசரியும் போட்டுவிட்டீர்கள். பத்து அளவீட்டில் ஒன்பது முறை 29, ஒரு முறை மைனஸ் 127 என்றால் சராசரி 13.4. குறிப்பாணையின் இரண்டாம் பக்கத்தில் "தண்ணீரைக் குளிரவிட்டு அலட்சியம்" என்று தடித்த எழுத்தில் இருக்கும் 13.4 டிகிரி இப்படித்தான் பிறந்தது. மைனஸ் 127 என்றால் சிரிக்கவாவது முடிகிறது. 13.4-ஐப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது, அதுதான் ஆபத்து.

85-க்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தச் சில்லுக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்தால், முதல் அளவீட்டை முடிக்கும்வரை அதன் நினைவில் இருப்பது 85 என்ற எண்தான். தயாரிப்பாளர் தாளிலேயே அச்சில் இருக்கிறது. முழுத் துல்லியத்தில் ஒரு முறை அளந்து முடிக்க அதற்கு முக்கால் நொடி வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சென்சார் விழித்தெழுகிறது. அந்த முக்கால் நொடியைக்கூடப் பொறுக்காமல் தங்கள் பெட்டி "என்ன சூடு, என்ன சூடு" என்று கேட்கிறது. சென்சாரும் 85 என்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, ஐயா. "இன்னும் அளக்கவில்லை" என்று ஒரு முறையும் "நான் இணைப்பில் இல்லை" என்று ஒரு முறையும் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. அரசாங்கத் தாள்களில் இவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

சரி, இணைப்பு ஏன் விட்டுப் போகிறது? துருவக் காற்று காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் கீழ்க்கண்டவை.

இந்த வகைச் சென்சார்கள் ஒரே தகவல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள எண்ணுக்குப் பதில் சொல்லும் சாதி. நீளமாக ஒரு கேபிள் ஓட்டி, அதிலிருந்து சாண் சாணாகக் கிளை எடுத்திருக்க வேண்டும். தங்கள் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக நீண்ட கம்பி இழுத்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்து முறுக்கிவிட்டுப் போனார். ஒரு கம்பியின் முனையில் முட்டித் திரும்பும் சிக்னல் மற்றதன் பேச்சைக் கெடுக்கிறது. போதாக்குறைக்கு அந்தக் கம்பிகளை ஏர் புளோயர் மோட்டாரின் மின்கம்பியோடு ஒரே குழாயில் விட்டிருக்கிறார். மோட்டார் ஓடும்போதெல்லாம் தொட்டிக்கு ஜன்னி. முறுக்கிய மூட்டில் டேப் சுற்றினார். ஒரு கோடை தாண்டுவதற்குள் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி, நடுவே உப்பளம். உப்பையே விளைவிக்கிற மண்ணில் கம்பி மூட்டுகளைச் சரியாக அடைக்காமல் விட்டுப்போன மேதையை நான் வணங்குகிறேன்.

சென்சாரே அசலா என்பது தனிக் கேள்வி. இந்தச் சில்லின் போலிகள் சந்தையில் ஏராளம். அசல் சில்லு மைனஸ் 10 முதல் 85 வரை அரை டிகிரிக்குள் நிற்கும். நம் தொட்டியில் தொங்குபவற்றில் இரண்டை ஒரே வாளியில் போட்டால் ஒன்று ஒரு தண்ணீர் சொல்கிறது, இன்னொன்று வேறு தண்ணீர் சொல்கிறது. வனாமி இறால் குஞ்சுக்கு 28-க்கும் 32-க்கும் நடுவேதான் வாழ்க்கை. எங்கள் தொழிலே அந்த நான்கு டிகிரி அகலத்துக்குள் நடக்கிறது.

பழசைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, புளோயர் நின்றுவிட்டது, குஞ்சுகள் மேலே மிதக்க ஆரம்பித்தன. அந்த நேரமெல்லாம் தங்கள் திரையில் எங்கள் ஹேச்சரி பச்சை விளக்கோடு 28.5 டிகிரியில் அமோகமாக இருந்தது. கடைசியாக வந்த எண்ணையே திரை பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு வந்த எண் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு நஷ்டத்துக்கு எழுதிப்போட்டபோது, "எங்கள் பதிவின்படி இயல்பு நிலை" என்று பதில் வந்தது. செத்த குஞ்சை இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டியவன் நான். எனக்கு இயல்பு நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட விரல் அன்று எந்தத் தண்ணீரையாவது தொட்டுப் பார்த்ததா?

மன்னிக்கவும். உப்புக் காற்று தொண்டையில் பட்டுவிட்டது. தங்கள் பச்சை விளக்கின் அழகு குறித்து எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

எண்ணைச் சந்தேகிப்பது கௌரவக் குறைவு என்று தாங்கள் நினைக்கக்கூடும். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது, நாடே வியர்த்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை என்ன செய்தது? முங்கேஷ்பூர்வாசிகளிடம் விளக்கம் கேட்கவில்லை. தரநிலைக் கருவியைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து, சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகச் சொல்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தது. மறுநாள் நாக்பூரில் ஒரு நிலையம் 56 காட்டியபோதும் கோளாறு கருவியிடம்தான் என்றது. தாங்களோ கருவியை விட்டுவிட்டு என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் தவறாமல் 37 டிகிரி காட்டுகிறேன்.

மூன்று டிகிரிதானே என்று தள்ளிவிடவும் முடியாது. கடற்கரை நிலையத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம். ஆனால் மரக்காணம் பாத்தியில் சித்திரை வெயிலில் உப்பு வாருகிறவர் மயங்கி விழும் நாளில், எங்கோ ஒரு முறுக்கிய கம்பி 38-ஐ 35 என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு என்ன கிடைக்கும்? "எங்கள் பதிவின்படி இயல்பு நிலை." இறால் குஞ்சுக்கு எழுதிய கை மனிதனுக்கு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

துருவவாசியாகிய நான் பணிவுடன் கோருவன:

ஒன்று: 85-ஐயும் மைனஸ் 127-ஐயும் சராசரியில் சேர்க்காமல், "அளவீடு இல்லை" என்று காட்டவும். ஒரு முறை சந்தேக எண் வந்தால் இன்னொரு முறை கேட்கவும். குறிப்பாணை அதற்குப் பிறகு.

இரண்டு: ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது வந்த நேரத்தைப் போடவும். பழைய எண்ணுக்குப் பச்சை விளக்கு வேண்டாம்.

மூன்று: கம்பியை ஒரே வரிசையாக ஓட்டி, மோட்டார் கம்பியிலிருந்து விலக்கி, மூட்டுகளைத் தண்ணீர் புகாமல் அடைக்கவும்.

நான்கு: சென்சார்களைச் சோதிக்க வேண்டுமானால் ஆய்வகம் தேட வேண்டாம். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸை நொறுக்கி, நல்ல தண்ணீரில் குழைத்து, அதில் எல்லாவற்றையும் ஒன்றாக முக்கினால் எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாதவை யாருடைய சிபாரிசில் வந்தன என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளலாம். ஐஸ் வாங்க வேண்டியிருப்பதற்காக வெட்கப்படுகிறேன். துருவத்தில் இந்த நிலை.

ஐந்து: அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் யாரையும் எழுப்பி நிறுத்துவதற்கு முன், தொட்டிக்குள் ஒரு கண்ணாடி வெப்பமானியை விட்டுப் பார்க்கவும்.

இத்துடன் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தாளில் மடித்து இணைத்திருக்கிறேன். சென்சாரின் தகவல் கம்பிக்கும் அதற்கு மின்சாரம் தரும் கம்பிக்கும் நடுவே தங்கள் ஒப்பந்தக்காரர் பற்றவைக்க மறந்தது இதைத்தான். மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டை இருக்கும். விலை ஒரு சாக்லேட் காசு, திருப்பித் தர வேண்டாம். எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று கோப்பு போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட வேண்டாம், ஐயா. இதற்கு மேல் கீழ் கிடையாது. எப்படி வைத்தாலும் வேலை செய்யும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
இரவு மேற்பார்வையாளர்